தூய்மையும் வாய்மையும்

தமிழிலக்கணம் சொல்லுக்கு மட்டுமன்றிச் சொல்லுவோனின் பண்புக்கும் இலக்கணம் வகுத்தது. அதற்கொரு சான்று இடக்கரடக்கல். அவையிலே வெளிப்படையாகக் கூற நாணும் ஒன்றை வேறொரு சொல்லால் மறைத்து உணர்த்தும் வழக்கிற்கு அப்பெயர். இத்தகைய சொற்களைத் தொல்காப்பியர் 'அவையல்கிளவி' என்று சுட்டினார். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இதனை மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றோடு சேர்த்துத் தகுதி வழக்கு என்று தொகுத்தார். "கால் கழுவி வந்தான்" என்று பள்ளியில் ஆசிரியர் காட்டிய எடுத்துக்காட்டு நம்மிற் பலருக்கும் நினைவிருக்கும்.

இலக்கணம் பயிலாத எளிய மக்களும் இம்மரபைக் காத்தே வந்துள்ளனர். "கொல்லைக்குப் போனான்" என்பர். "வெளிக்குப் போனாள்" என்பர். "ஒதுங்கப் போனார்" என்பர். கழிப்பறைக்கு நெடுங்காலமாக நாம் வழங்கி வந்த 'கக்கூஸ்' என்னும் சொல்லோ டச்சு மொழியிலிருந்து வந்தது. சொந்த மொழியிற் சொல்லக் கூசியதை அயல்மொழிச் சொல்லால் சொல்லும்போது கூச்சம் சற்றுக் குறைகிறது போலும்!

சொல்லை மறைப்பது நாகரிகம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், சொல்லை மறைக்கப் புகுந்த நாம், அச்சொல் குறிக்கும் பொருளையும் மறைத்தோம். பின்னர் அப்பொருளை நாள்தோறும் அள்ளிச் சுமக்கும் மனிதரையும் நம் கண்ணிலிருந்து மறைத்தோம். இதனையும் நாகரிகம் என்று கொள்ளலாமா? நாம் தூய்மையாக இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும்போது, நம் அழுக்கு எங்கே போயிற்று, யார் கையால் போயிற்று என்று கேட்க வேண்டிய கடமை நமக்கு உண்டா, இல்லையா? இக்கட்டுரை ஆராயப் புகுவது இவ்வினாவையே.

ஒரு தெரு சொல்லும் பாடம்

இவ்வினாவை ஆராய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தலைநகரில் வாழும் தமிழர்க்கு நன்கு பழக்கமான மந்திர் மார்க் என்னும் தெருவே போதும். வெள்ளையராட்சியில் ரீடிங் பிரபுவின் பெயரால் ரீடிங் ரோடு என்று வழங்கிய தெரு அது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அங்கே இருக்கிறது. பிர்லா மந்திர் என்று மக்கள் அழைக்கும் லட்சுமி நாராயணர் கோயிலும் அங்கேதான். அக்கோயிலை 1939ஆம் ஆண்டில் காந்தியடிகள் திறந்து வைத்தார். எல்லாச் சாதியினரையும் உள்ளே விடவேண்டும் என்பது அதற்கு அவர் விதித்த நிபந்தனை.

அதே தெருவில் வால்மீகி கோயிலும், அதனை ஒட்டித் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பும் உள்ளன. அந்நாளில் அக்குடியிருப்பு அங்கு வாழ்ந்தோரின் சாதிப் பெயராலேயே வழங்கிற்று. 1946 ஏப்ரல் முதல் 1947 ஜூன் வரையிலான காலத்தில் 214 நாள்கள் காந்தியடிகள் அங்கே தங்கினார். நாட்டின் விடுதலை பற்றிய பேச்சு வார்த்தைகள் நடந்துகொண்டிருந்த நேரம் அது. தேசத் தலைவர்களும் பிரிட்டிஷ் அமைச்சர்களும் அவரைக் காண வேண்டுமாயின், மாளிகைகளை விட்டுத் துப்புரவுப் பணியாளரின் குடியிருப்பிற்கு வரவேண்டியிருந்தது. ஊர் மறைத்து வைத்த இடத்தை ஊரின் நடுவாக்கிக் காட்டினார் அவர். இடக்கரடக்கலைச் செயலால் உடைத்தார் என்றே சொல்லலாம்.

ஆண்டுகள் பல சென்றன. 2014 அக்டோபர் 2ஆம் நாள், தூய்மை இந்தியா இயக்கத்தைத் தொடங்கி வைத்த பிரதமர் நரேந்திர மோடி, துடைப்பத்தை எடுத்துப் பெருக்கியதும் இத்தெருவிலேதான். இதே வால்மீகி குடியிருப்பிலேதான். காந்தியடிகளின் மூக்குக் கண்ணாடி அவ்வியக்கத்தின் சின்னமாயிற்று. 2019 அக்டோபருக்குள் நாட்டுப்புறங்களில் 10 கோடிக்கு மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டன என்பது அரசின் கணக்கு. இருள் பிரியுமுன் எழுந்து மறைவிடம் தேடி அலைந்த பெண்களுக்கு இது எத்துணைப் பெரிய பேறு என்பதைக் கிராமத்திலிருந்து வந்த நாம் அறிவோம். அதனைக் குறைத்துப் பேசுதல் நன்றி மறத்தலாகும்.

எனினும், தொடக்க விழா நடந்த அக்குடியிருப்பு இன்றும் துப்புரவுப் பணியாளரின் குடியிருப்பாகவே இருக்கிறது. தந்தை ஏந்திய துடைப்பம் மகனுக்கும் வருவது இந்நாட்டில் இன்னும் வியப்புக்குரிய செய்தி ஆகவில்லை. விழாவில் ஒரு நாள் துடைப்பம் ஏந்துவோர் வேறு. விடிந்தால் அதனையே ஏந்துவோர் வேறு. இவ்வேறுபாட்டில்தான் நம் வினாவின் முள் இருக்கிறது.

இரு பெரியோர், இரு விடைகள்

இவ்வினாவிற்குச் சென்ற நூற்றாண்டில் இரு பெரியோர் இருவேறு விடைகள் தந்தனர்.

காந்தியடிகளின் விடை, அவரவர் அழுக்கை அவரவரே அகற்ற வேண்டும் என்பது. 1901இல் கல்கத்தாவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் கழிப்பிடங்கள் நாறிக் கிடந்தன. தொண்டர்களிடம் சொன்னார், அது துப்புரவுத் தொழிலாளியின் வேலை என்றனர். ஒரு துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே தூய்மை செய்தார். இதனைத் தம் சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வீட்டில் தங்கியிருந்த எழுத்தர் ஒருவரின் சிறுநீர்க் கலத்தை எடுப்பது பற்றிக் கஸ்தூரிபாவோடு அவர் கொண்ட பிணக்கையும் அந்நூல் மறைக்கவில்லை. அந்த எழுத்தர் பஞ்சமர் குலத்துப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். கொள்கையை ஏற்பது எளிது. கலத்தைக் கையில் எடுப்பது அரிது என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது. தாம் அமைத்த ஆசிரமங்களில் இப்பணியை எல்லார்க்கும் பொதுவாக்கினார் அடிகள்.

அண்ணல் அம்பேத்கரின் விடை வேறு. தோட்டி வேலையை உயர்ந்த பணி என்று போற்றும் போக்கை, 1945இல் வெளிவந்த தம் நூலில் அவர் கடுமையாகக் கண்டித்தார். பிறப்பின் காரணமாக ஒரு கூட்டத்தார்மீது சுமத்தப்பட்ட இழிவை, அவர்களிடமே புண்ணியம் என்று புகழ்வது அவர்களை ஏமாற்றுவதாகும் என்பது அவர் கருத்து. அத்தொழிலை விட்டு வெளியேறுவதே விடுதலை என்றார்.

இவ்விரு விடைகளையும் மேலோட்டமாகப் பார்ப்போர், ஒன்றை ஏற்றால் மற்றொன்றைத் தள்ள வேண்டும் என்பர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. காந்தியடிகளின் சொல் யாரை நோக்கியது? துடைப்பத்தைத் தொடாதவரை நோக்கியது. அம்பேத்கரின் சொல் யாரை நோக்கியது? துடைப்பத்தைக் கீழே வைக்க விடப்படாதவரை நோக்கியது. தொடாதவன் தொட வேண்டும். வைக்க விரும்புகிறவன் வைக்க இயல வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நீதி நிறைவு பெறும்.

ஆனால் நாம் செய்தது என்ன? கேட்க வேண்டியவர் காதில் விழ வேண்டிய சொல்லை இடம் மாற்றி உரைத்தோம். துடைப்பம் தொடாத நாம், தொட்டே தீரவேண்டியவரைப் பார்த்து, "உங்கள் பணி புனிதமானது" என்று புகழ்ந்தோம். பழைய இடக்கரடக்கல் அழுக்கின் பெயரை மறைத்தது. இப்புதிய இடக்கரடக்கலோ அநீதியின் பெயரையே மறைக்கிறது. உண்மையிலேயே புனிதமான பணி என்றால் அதனை நம் பிள்ளைகளுக்கு வேண்டுமென்று நாம் விரும்பியிருப்போம் அல்லவா? அவ்வாறு விரும்பும் பெற்றோரை நாம் கண்டதில்லை.

அனுப்பியது திரும்பி வரும்

"அழுக்கைக் கண் காணாத இடத்திற்கு அனுப்பிவிட்டோம், அத்தோடு தீர்ந்தது" என்று எண்ணும் எண்ணம் அறத்திற்கு மட்டுமன்று, அறிவுக்கும் பொருந்தாதது. தில்லி மாநகரமே இதனை ஒருமுறை பெரும் விலை கொடுத்துக் கற்றது.

தில்லியின் குடிநீருக்கு யமுனையில் நீர் எடுக்கும் இடங்களுள் ஒன்று வஜீராபாத். நகரின் கழிவைச் சுமந்து வரும் நஜஃப்கர் வாய்க்கால் அதற்குச் சற்றுக் கீழே ஆற்றிற் கலக்கிறது. கீழே கலப்பது மேலே வாராது என்பது பொறியாளரின் நம்பிக்கை. 1955இல் யமுனையின் ஓட்டம் திசை மாறிற்று. கழிவுநீர் எதிர்த்து ஏறி, நீரெடுக்கும் இடத்தையே அடைந்தது. நீரில் கலக்கும் குளோரினின் அளவை அதிகாரிகள் கூட்டினர். அதனால் டைபாய்டு போன்ற நோய்கள் பெருகவில்லை. ஆயினும், அம்மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர் ஒன்று குழாய் வழியே வீடுதோறும் புகுந்தது. 1955 டிசம்பரிலும் 1956 தொடக்கத்திலும் ஏறத்தாழ 29,300 பேர் மஞ்சட் காமாலைக்கு ஆளாயினர். கருவுற்ற தாய்மாரை அந்நோய் பெரிதும் வருத்திற்று. இன்று ஹெப்பாடிடிஸ் 'ஈ' என்று மருத்துவ உலகம் அழைக்கும் நோய் அதுவென்று பிற்காலத்தில் தெளிந்தனர்.

அரசு அலுவலரின் குடியிருப்பென்றும் குடிசைப் பகுதியென்றும் அக்குழாய் நீர் பார்க்கவில்லை. வாய்க்காலுக்கு அனுப்பியது குவளைக்குத் திரும்பிற்று. 1854இல் லண்டன் மாநகரின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, அதற்கு ஒரு நீர்க்குழாயே காரணம் என்று ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் காட்டியதும் இவ்வுண்மையைத்தான். குடிநீரும் கழிவுநீரும் ஒரே நீரின் இரு நிலைகள். ஒன்றைப் பேணி மற்றொன்றைப் புறக்கணிக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் நிறுவனமும் கூட்டாகத் தந்த கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் 220 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் இல்லை. 350 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான கழிவகற்று வசதி இல்லை. இப்பின்னைய எண், கழிப்பறை இல்லாதவரை மட்டும் குறிப்பதன்று. கழிப்பறை இருந்தும், அதிலிருந்து செல்லும் கழிவு தீங்கற்றதாக்கப்படாத நிலையில் உள்ளோரையும் சேர்த்துக் குறிப்பது. 2010 ஜூலை 28ஆம் நாள், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தூய நீரையும் கழிவகற்று வசதியையும் மனித உரிமை என்று ஏற்றது. உரிமை என்றால் கடமையும் உண்டு. அக்கடமை யாருடையது?

குழிக்குள் இறங்குவோர்

கழிப்பறை கட்டியதோடு கதை முடிவதில்லை. தொட்டி நிறையும், குழாய் அடைக்கும். அப்போது யாரேனும் ஒருவர் இறங்க வேண்டியிருக்கிறது. மூடிய குழிக்குள் அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் முதலிய வாயுக்கள் எழுகின்றன, உயிர்வளி குறைகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு சிறிதளவாயின் நாற்றத்தால் எச்சரிக்கும். மிகுந்தாலோ மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணி மேலும் ஓர் அடி வைப்பவன் மீள்வதில்லை. அவனைக் காக்க இறங்கும் தோழனும் மீள்வதில்லை. இச்சாவுகள் பெரும்பாலும் ஒன்றாக வாராமல் இரண்டாக, மூன்றாக வருவதற்குக் காரணம் இதுவே. 2018 செப்டம்பர் 9ஆம் நாள், தில்லி மோதி நகர்ப் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் கழிவுநீர்த் தொட்டியில் ஐந்து இளைஞர்கள் மாண்டனர்.

சட்டம் இல்லாமலா இவை நிகழ்கின்றன? மலம் அள்ளும் தொழிலில் மனிதரை அமர்த்துவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது. அதனினும் விரிந்த சட்டம் 2013இல் வந்தது. சஃபாயி கர்மசாரி ஆந்தோலன் என்னும் இயக்கம் தொடுத்த வழக்கில், 1993 முதல் சாக்கடையில் மாண்ட ஒவ்வொருவர் குடும்பத்திற்கும் 10 லட்சம் ரூபாய் அளிக்க வேண்டும் என்று 2014 மார்ச்சு மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்திற்று. 2025 ஜனவரியில், தில்லி, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கொண்டு சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்துமாறு ஆணையிட்டது. மேற்சொன்ன இயக்கத்தை வழிநடத்தும் பெஜவாடா வில்சன், கோலார் தங்கவயலில் துப்புரவுப் பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர். 2016இல் மகசேசே விருது பெற்றவர்.

ஒரே தடையை நீதிமன்றம் மீண்டும் மீண்டும் விதிக்க நேர்வது எதனால்? குழிக்குள் இறங்கச் சொல்லும் குரல் எப்போதும் அரசின் குரலாக இருப்பதில்லை. பல நேரங்களில் அது ஒரு வீட்டுக்காரரின் குரல்; ஒரு குடியிருப்போர் சங்கத்தின் குரல்; "சீக்கிரம் முடித்துக் கொடப்பா, கேட்டதைத் தருகிறோம்" என்று பேசும் சாதாரணமான, கொடுமையற்ற குரல்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். "நாம் வரி செலுத்துகிறோம், கூலி தருகிறோம், அவர் ஒப்புக்கொண்டுதானே இறங்குகிறார்? நம் கடன் தீர்ந்தது அன்றோ?" என்று நல்லவர்களும் கேட்பதுண்டு. இதனை நாம் நேர்மையாக எடைபோட வேண்டும். கூலி உழைப்புக்கு ஈடாகும், உயிருக்கு ஈடாகாது. வேறு வேலை கிடைக்கும் என்ற நிலையிலிருந்து ஒருவன் சொல்லும் 'சரி' வேறு. அடுப்பெரியாத வீட்டை எண்ணி ஒருவன் சொல்லும் 'சரி' வேறு. மேலும், விருப்பமே காரணமாயின், அவ்விருப்பம் ஏன் குறிப்பிட்ட சில குலத்தாருக்கு மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பிறக்கிறது? இக்கேள்விக்கு எந்தக் கூலிக் கணக்கிலும் விடை இல்லை.

அறிவியல் தந்த வழி

அழுக்கை மனிதன் தொடாமலே அகற்றுதல் இயலாத ஒன்று அன்று. 1970இல் சுலப் இயக்கத்தைத் தொடங்கிய பிந்தேசுவர் பாடக் நாடெங்கும் பரப்பிய இரட்டைக் குழிக் கழிப்பறை இதற்கு எளிய சான்று. ஒரு குழி நிறைந்ததும் கழிவை மற்றொன்றிற்குத் திருப்பி, நிறைந்ததை மூடி வைக்க வேண்டும். ஓரிரு ஆண்டுகளில் நீர் மண்ணில் வடிந்து, நோய்க்கிருமிகள் மடிந்து, எஞ்சுவது நாற்றமற்ற எருவாகும். அதனை வீட்டுக்காரரே வாரித் தோட்டத்திற்கு இடலாம். இழிவைச் சுமக்க ஒரு சாதி வேண்டும் என்ற கட்டாயத்தை இரண்டு குழிகள் நீக்கிவிடுகின்றன!

நம் தமிழகத்தில் திருச்சிராப்பள்ளி வட்டாரம் இத்துறையில் பெயர் பெற்றது. 1987இல் அங்கே தொடங்கிய கிராமாலயா அமைப்பின் நிறுவனர் தாமோதரனுக்கும், முசிறிப் பகுதியில் சூழலுக்கு இசைந்த கழிப்பறைகளைப் பரப்பிய மராச்சி சுப்புராமனுக்கும் நாடு பத்மஸ்ரீ விருதளித்தது. நெருக்கமான நகரங்களுக்கு இரட்டைக் குழி பொருந்தாது. அங்கே இயந்திரங்கள் வேண்டும். 2019இல் தில்லி அரசு சாக்கடை தூர்வாரும் 200 இயந்திர வண்டிகளைப் பணியில் இறக்கிற்று. ஆகவே கருவி இருக்கிறது, சட்டம் இருக்கிறது. எஞ்சிய குறை நம் மனத்திலே இருக்கிறது.

நம் வாயிலில்

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இவ்வினா இன்னும் நெருக்கமானது. தில்லிக்கு வந்த தமிழர் அனைவரும் கோப்புக்கட்டோடு வந்தவரல்லர். பிழைப்புத் தேடி வந்து, பிறர் வீடுகளைப் பெருக்கியும் பாத்திரம் துலக்கியும் வாழ்ந்தவர் பலர். ஜங்புராவுக்கு அருகே பாராபுல்லா வாய்க்காலின் கரையில் இருந்த மதராசி கேம்ப், அத்தகைய தமிழ்க் குடும்பங்கள் பல்லாண்டுகளாக வாழ்ந்த இடம். பகலெல்லாம் பிறர் வீட்டைத் தூய்மை செய்தவர், இரவில் நகரின் கழிவு ஓடும் கரையில் உறங்கினர். மழைக்காலத்துக்குமுன் வாய்க்காலைத் தூர்வார வேண்டி, உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1ஆம் நாள் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குடிசைகள். அவற்றுள் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை எனக் கொள்ளப்பட்டன. அவ்வீடுகளும் நகரின் வடகோடியில், நரேலாவில். வேலை செய்த வீடுகளும் பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளியும் எட்டாத் தொலைவாயின.

வாய்க்கால் தூய்மை பெற வேண்டியதே. அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும், ஒரு நகரத்தின் தூய்மைக்கு விலையாக அந்நகரைத் தூய்மை செய்தவரின் வீடே கேட்கப்படும்போது, நம் சங்கங்களும் நாமும் வாளா இருத்தல் முறையாகுமா?

நாம் செய்யத் தக்கவை சில உண்டு. நம் வீட்டுக் கழிவு எங்கே செல்கிறது என்பதை நாமும் நம் பிள்ளைகளும் அறிந்திருக்கலாம். நம் குடியிருப்போர் சங்கம் தொட்டியைத் தூர்வாரும்போது, மனிதர் இறங்காமல் இயந்திரம் கொண்டே செய்யப்பட வேண்டும் என்று எழுத்தில் தீர்மானம் செய்யலாம். செலவு கூடினால் பகிர்ந்து கொள்ளலாம். நம் வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் நம் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தத் தடையில்லை என்பதை அவர் கேளாமுன்னே சொல்லலாம். கழுவுவதற்கு மட்டும் அவரை உள்ளே விட்டுப் பயன்படுத்த விடாத வீடு, எத்துணைப் பளபளப்பாக இருப்பினும் தூய வீடு ஆகாது. ஆண் பிள்ளைகளும் வாரம் ஒருமுறையேனும் கழிப்பறையைக் கழுவும் வழக்கத்தைக் குடும்பத்தில் கொண்டுவரலாம்.

வள்ளுவர், உடலின் தூய்மையையும் உள்ளத்தின் தூய்மையையும் பற்றிப் பேச நேர்ந்தபோது, அதற்கென ஒரு தனி அதிகாரம் வகுக்கவில்லை; வாய்மை என்னும் அதிகாரத்திலேயே அதனை வைத்தார். அவ்வைப்பு முறை நமக்கு ஒரு வழி காட்டுகிறது. நீர் கொண்டு கழுவினால் தரை தூயதாகும். அந்நீர் எங்கே போயிற்று, யார்மேல் வடிந்தது என்னும் உண்மையை ஏற்றுக்கொள்ளும்போதுதான் நாம் தூயோர் ஆவோம். அவையில் நாம் இடக்கரடக்கலைப் பேணுவோம். அது மொழியின் அழகு. ஆனால், மனச்சான்றின் முன் மறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை.